கொங்கு நாட்டுப் பழைய தோட்டங்கள், அவற்றைப் பார்த்துக்கொள்கிறவர்கள்: ஆவணப்படம் எடுப்பது பற்றி

ஜனவரி 6, ஒரு வாசகரின் கேள்வி

கோவையில் கணினி வேலை. பழைய தோட்டங்களையும் அவற்றைப் பராமரிப்பவர்களையும் வைத்து சின்னதாக ஒரு ஆவணப்படம் எடுக்க ரொம்ப நாளாக ஆசை. பதினைந்து நிமிடம் போதும். கேமரா இருக்கிறது, ட்ரோன் வாங்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் கொங்குப் பக்கம் ஊட்டியை விட்டால் வரலாறு உள்ள தோட்டமே இல்லையே. என்ன செய்யலாம்?

ஜனவரி 6, இரவு

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஊட்டியை விட்டால் இல்லை என்பது சரியில்லை. குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874-ல் வந்தது. பர்லியாறு பழப்பண்ணை அதற்கும் மூத்தது, 1871. மலையடிவாரத்தில் கல்லாறு பழப்பண்ணை 1900. கோவைக்குள்ளேயே வனக்கல்லூரி வளாகம் இருக்கிறது. 1902-ல் தொடங்கிய கேஸ் வன அருங்காட்சியகம் அங்கேதான். உள்ளே போய் மரங்களை அண்ணாந்து பாருங்கள், நகரத்துக்கு நடுவில் நிற்கிறோம் என்பதே மறந்துபோகும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு. கோயில் நந்தவனங்களை எடுத்தால் கணக்கு பல நூறு வருடம் பின்னால் போகும். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ட்ரோன் வாங்க வேண்டாம். அந்தக் காசில் நல்ல மைக் வாங்குங்கள்.

ஜனவரி 7

ட்ரோன் ஏன் வேண்டாம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முதலில் சட்டம். 2021 ட்ரோன் விதிகள்படி பறக்கவிடும் இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பார்த்தே ஆக வேண்டும். கோவையில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம், குன்னூரை ஒட்டி வெலிங்டன் ராணுவப் பகுதி. மலையில் முக்கால்வாசி இடம் வனத்துறை எல்லையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. எங்கே திரும்பினாலும் ஒரு அனுமதிக் கடிதம்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மேலே இருந்து பார்த்தால் தோட்டம் கோலமாகத் தெரியும், ஆள் தெரிய மாட்டார். நீங்கள் படம் எடுக்கப் போவது ஆளைப் பற்றி. அவர் குனிந்து வேலை செய்கிறார், கேமராவும் அந்த உயரத்துக்கு இறங்க வேண்டும். முக்காலியைச் சுருக்கி முழங்கால் உயரத்தில் வையுங்கள். கை, மண், கத்தி மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வரும்.

ஜனவரி 11

ஊட்டியை ஒதுக்கிவிடாதீர்கள் என்று இன்னொருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நான் ஒதுக்கவில்லை. மே மாத ஊட்டியைத்தான் ஒதுக்கச் சொல்வேன். இப்போது போங்கள்.

தையில் அங்கே உறைபனி கொட்டும். பூங்கா வேலையாட்கள் சாயங்காலமே செடிகளை மூடிவிடுவார்கள். கோத்தகிரி மிலார் என்று ஒரு செடி, அதன் கொத்துகளை வெட்டிவந்து நாற்றுகளின் மேல் கவிழ்ப்பார்கள். விடிந்ததும் ஓஸ் பிடித்துப் புல்வெளியில் தண்ணீர் அடிப்பார்கள். இந்தக் குளிரில் தண்ணீரா என்று நானும் கேட்டேன். பனி உட்கார்ந்த புல்லின் மேல் வெயில் நேராக விழுந்தால் புல் கருகிப்போகும், வெயில் ஏறுவதற்குள் தண்ணீரால் பனியைக் கரைத்துவிட வேண்டும் என்றார் ஒரு அண்ணன். கால்விரல் மரத்துப்போய்த் தரையில் உதறிக்கொண்டே சொன்னார். வெள்ளைப் புல்வெளியில் தண்ணீர் விழுந்த இடம் மட்டும் கோடு கோடாகப் பச்சையாகும். சுற்றுலா வருகிற யாரும் அந்தப் புல்வெளியை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேமரா பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். கூடுதலாக வைத்திருப்பதைச் சட்டைக்குள் உடம்பு சூட்டில் வையுங்கள்.

ஜனவரி 12

நேற்று எழுதியதில் விட்டுப்போனது. தாவரவியல் பூங்காவின் வரலாற்றை எங்கே கேட்டாலும் ஒரே பெயர்தான் சொல்வார்கள், வில்லியம் கிரஹாம் மெக்ஐவர். 1847-ல் அங்கிருந்த ஐரோப்பியர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டுக் காய்கறிக்காகத் தோட்டம் வைத்தார்கள், அது சரியாக நடக்கவில்லை. 1848-ல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் பழகிய மெக்ஐவர் வந்தார். தொட்டபெட்டாவின் சரிவில் இன்று 22 ஹெக்டேராக விரிந்து கிடப்பது அவர் போட்ட திட்டம். அவர் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. சரிவைப் படிப்படியாக வெட்டியது யார்? சதுப்பு நிலத்தில் மண் சுமந்து கொட்டியது யார்? ஒரு பெயர்கூட நமக்குத் தெரியாது.

இதே மெக்ஐவர்தான் 1860-களில் நீலகிரியில் சின்கோனா தோட்டங்களைப் பார்த்துக்கொண்டார். நடுவட்டத்தில் அந்த வேலைக்கு சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவர்கள் அடைபட்டிருந்த சிறைக்கட்டிடம் இன்னும் நிற்கிறது. மலேரியாவுக்கு மருந்து செய்த மரத்தை நட்ட கைகள் விலங்கு போட்ட கைகள். உங்கள் பதினைந்து நிமிடத்தில் இது ஒரு நிமிடமாவது வர வேண்டும் என்பது என் ஆசை.

பூங்காவின் மேல்பக்கம் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு, மந்து என்பார்கள், ஒன்று இருக்கிறது. மெக்ஐவருக்கு முன்பே அந்தச் சரிவு அவர்கள் எருமை மேய்ந்த நிலம். தோட்டத்தின் வரலாற்றை 1848-ல் தொடங்கினால் அவர்களை வெளியே நிறுத்துகிறோம். அவர்களைப் படம்பிடிக்க விரும்பினால் முதலில் கேமரா இல்லாமல் போய் உட்காருங்கள்.

ஜனவரி 19

அனுமதி பற்றி. ஊட்டி, சிம்ஸ், கல்லாறு எல்லாம் தோட்டக்கலைத் துறை. எழுத்தில் விண்ணப்பம், கட்டணம், தேதி. கோயில் என்றால் செயல் அலுவலர். கருவறைப் பக்கம் கேமரா போகாது என்று நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டால் பாதிப் பேச்சு குறையும். ஒரு அலுவலகத்தில் என் கடிதம் மேசைக்கு மேசை நகர்ந்து, கையெழுத்து ஆகிவரும்போது நான் எடுக்க நினைத்த பூ உதிர்ந்து காய் பிடித்திருந்தது. ஆகவே பருவத்துக்கு ஒரு பருவம் முன்னால் கடிதம் கொடுங்கள்.

பிப்ரவரி 2

பேட்டி எடுப்பது எப்படி என்று கேட்டீர்கள். என் வழக்கம்: நாற்காலி போடுவதில்லை. வேலை செய்கிற இடத்திலேயே பேச்சு. "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாருக்கும் வாய் வராது. "இந்தக் கிளையை ஏன் வெட்டினீங்க, அதை ஏன் விட்டீங்க" என்று கேளுங்கள், அரைமணி நேரம் ஓடும்.

ஊட்டி ரோஜாப் பூங்காவில் (1995-ல் வந்தது, அவ்வளவு பழசு இல்லை) கவாத்து நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். குச்சியில் கண், அதாவது தளிர் கிளம்பும் மொட்டு, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்க வேண்டும். செடிக்கு வெளியே பார்க்கிற கண்ணுக்குக் கொஞ்சம் மேலே, சாய்வாக வெட்டு. உள்ளே பார்க்கிற கண்ணை விட்டால் தளிர் நடுவில் போய் நெருங்கும், காற்றோட்டம் போய்விடும், நோய் வரும். சாய்வு கண்ணுக்கு எதிர்ப்பக்கம் இறங்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் கண்ணில் தேங்காது. இதைச் சொல்லும்போது அவர் கத்தரி நிற்கவே இல்லை. ஒவ்வொரு குச்சியிலும் ஒரு நொடி கட்டைவிரல் தடவும், அப்புறம் டக். ஏப்ரல், மே மாதத்தில் லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொள்ளும் பூ, தை மாசிக் குளிரில் அந்தக் கட்டைவிரல் எடுத்த முடிவு.

அந்த ஒரு நொடியை எடுங்கள். உங்கள் படம் அங்கே இருக்கிறது.

பிப்ரவரி 3

டக் சத்தத்துக்காகவே மைக் வாங்கச் சொன்னேன்.

பிப்ரவரி 20

நந்தவனம் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

கோயில்களின் தலமரங்களில் தொடங்குகிறேன். பேரூரில் இறவாப் பனை, பிறவாப் புளி. அவிநாசியில் பாதிரி. பவானியில் இலந்தை. கொடுமுடியில் வன்னி. பழனிக்குக் காவடி கட்டுகிறவர்கள் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுக்கும்போது அதில் இந்த வன்னி இலையைப் போட்டுக்கொள்கிறார்கள், இன்றைக்கும். ஒற்றை மரம் தோட்டமா என்று கரூர் நண்பர் கேட்பார், தெரியும். பல தலைமுறையாக ஒரு மரத்தைச் சுற்றி ஆள் மாற்றி ஆள் தண்ணீர் விட்டு, வேலி கட்டி, செத்தைகளை அள்ளியிருந்தால் என் கணக்கில் அது தோட்டம்தான்.

கல்வெட்டுகளில் நந்தவனத்துக்கு நிலம் விட்ட செய்தி நிறைய வரும். பூ பறிக்க, மாலை கட்ட, தண்ணீர் இறைக்க இருந்த ஆட்களின் சாப்பாட்டுக்கு என்று தனியாக நிலமும் நெல்லும் ஒதுக்கியிருப்பார்கள். அரசன் கொடுத்தான், வணிகன் கொடுத்தான் என்பதோடு நிற்காமல், வேலை செய்கிறவனுக்கு எவ்வளவு என்பதையும் கல்லில் வெட்டினார்கள். மெக்ஐவர் காலத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால்.

இன்றைய நிலை வேறு. பூ பெரும்பாலும் சத்தியமங்கலம் பக்கச் சந்தையிலிருந்து மூட்டையாக வந்து இறங்கிவிடுகிறது. நந்தவனம் இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். மிச்சம் இருக்கிற நந்தவனங்களை இப்போது எடுத்தால்தான் உண்டு.

மார்ச் 9

காங்கேயம் பக்கம் ஒரு சின்னக் கோயில். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே ஒரு ஆத்தா, எழுபதைத் தாண்டியவர், பூக்கட்டு அவர் வேலை. பவளமல்லி விடிவதற்குள் உதிர்ந்துவிடும் என்பதால் இருட்டிலேயே போய்விட்டேன். மரத்தடியில் வெள்ளை வேட்டித்துணி விரித்திருந்தது. நான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போக, "கண்ணு, பூவ முதிச்சுப்போடாத. அக்கட்டால சுத்தி வா சாமி" என்றார். துணியில் விழுந்த பூவை அள்ளவில்லை. நான்கு மூலையையும் சேர்த்துத் தூக்கி, ஒரே சரிவில் கூடைக்குள் இறக்கினார். விரல் பட்டால் காவிக் காம்பு நசுங்கிவிடுமாம்.

அப்புறம் நந்தியாவட்டை, அரளி. அரளியைக் கிள்ளும்போது வடிகிற பாலைக் கையில் வைத்திருந்த சாம்பலில் துடைத்துக்கொண்டார். வாழைநார் முந்தின நாளே தண்ணீரில் ஊறியிருந்தது. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், சுற்று, இழு. கை தானாக ஓடியது, வாய் என் கல்யாணத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தது.

அந்தக் காட்சியில் பின்னால் ஒலிபெருக்கியில் சினிமா பக்திப் பாட்டு. இணையத்தில் ஏற்றினால் பாட்டுக் கம்பெனி உரிமை கேட்கும். பாட்டுப் போடுவதற்கு முன்னால் இருக்கும் அரைமணி நேரத்தில் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிந்து வையுங்கள்: மயில், தண்ணீர்க் குடம், செருப்பில்லாத கால். ஆள் பேசாத வெறும் தோட்டச் சத்தம் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடமாவது வேண்டும். வெட்டி ஒட்டும்போது அதுதான் கை கொடுக்கும்.

மார்ச் 15

நாற்காலி போடுவதில்லை என்று பிப்ரவரியில் எழுதினேன். அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

ஆத்தா மறுநாள் பட்டுச்சேலை கட்டி, தலை வாரி, திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். "நேத்து எடுத்ததெல்லாம் வேல செய்யற படம். இன்னிக்கு என்னைய எடு" என்றார். எடுத்தேன். அசையாமல், கேமராவை நேராகப் பார்த்தபடி. அவர் தன்னை எப்படி மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறாரோ, அதற்கும் படத்தில் இடம் இருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. வேலைசெய்கிற கையை மட்டும் காட்டிக்கொண்டே போனால் ஆளே கையாகிவிடும்.

ஏப்ரல் 4

ஈரோட்டு நண்பர் கொறங்காட்டைச் சேர்க்கலாமா என்கிறார். சேர்க்க வேண்டும் என்றே சொல்வேன்.

வெளியூர் வாசகர்களுக்கு: காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் மேய்ச்சலுக்கென்றே விடுகிற மானாவாரி நிலம் கொறங்காடு. கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. காங்கேயம் மாடு வளர்ந்தது இதற்குள்தான். மழை குறைந்த மண்ணில் மாடு, புல், மரம், வேலி நான்கையும் ஒன்றுக்கொன்று துணையாக வைத்த ஏற்பாடு. புல் தீர்வதற்குள் மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்ற வேண்டும், வெள்வேலங்காய் உதிரும் காலம் தெரிய வேண்டும், வேலியில் பொக்கை விழுந்த இடத்தில் கிளுவைப் போத்து வெட்டி ஊன்ற வேண்டும். இதையெல்லாம் செய்கிறவரைத் தோட்டக்காரர் என்று யாரும் கூப்பிடுவதில்லை. சிம்ஸ் பூங்காவில் புல்வெளி பார்க்கிறவருக்குத் தெரிந்ததற்கு இவருக்குத் தெரிந்தது கொஞ்சமும் குறைவில்லை.

இரண்டு காட்டு வேலிக்கு நடுவில் இட்டேரி ஓடும். என் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனது அதில்தான். கோவைப்பழம், சூரப்பழம், ஓணான், காடை, கீரி. இப்போது அகலப்படுத்துகிறோம் என்று இயந்திரத்தை விட்டு ஒரே நாளில் இரண்டு பக்கமும் வழித்துவிட்டுக் கம்பிவேலி போடுகிறார்கள். ஒரு இட்டேரியாவது படத்தில் முழு நீளத்துக்கு, வெட்டாமல், நடக்கிற வேகத்தில் வரட்டும்.

ஏப்ரல் 5

"இது படத்தின் பொருளை விட்டு வெளியே போகிறது" என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். போகலாம். எல்லாவற்றையும் பதினைந்து நிமிடத்தில் அடைக்க முடியாது என்பதும் உண்மை. எனக்குக் கேட்டால் மூன்று இடம், மூன்று ஆள்: மலையில் ஒரு பூங்காத் தொழிலாளி, சமவெளியில் ஒரு நந்தவனத்து ஆத்தா, மேட்டாங்காட்டில் கொறங்காடு பார்க்கிற ஒருவர். இடையில் விளக்கக் குரல் வேண்டாம். ஆண்டும் பெயரும் எழுத்தில் வந்தால் போதும்.

மே 3

கூலி பற்றிய பேச்சு வந்தே தீரும். பூங்காக்களில் ரொம்ப வருடமாகத் தினக்கூலியாகவே இருப்பவர்கள் உண்டு. கேமரா முன்னால் ஆதங்கத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். படம் வெளிவந்த மறுநாள் வேலையில் நிற்கப் போவது அவர்கள், நாம் இல்லை. வெட்டி முடித்ததும் வெளியிடுவதற்கு முன்னால் அவர்களிடம் போட்டுக் காட்டி, "இது இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா" என்று கேளுங்கள். எடு என்றால் எடுத்துவிட வேண்டும், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும்.

உங்களால் அவர் வேலை கெட்டால் அன்றைய கூலியைக் கொடுங்கள். காசு கொடுத்தால் ஆவணப்படம் கெட்டுவிடும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். பசி அறியாதவர்கள் பேச்சு அது.

ஜூன் 21

கல்லாறு போய்வந்தேன். மங்குஸ்தான் பருவம் இப்போதுதான் பிடிக்கிறது. நட்டு ஏழெட்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தால்தான் இந்த மரம் காய்க்கும். நட்டவர் ஓய்வு பெற்ற பிறகு அடுத்தவர் பறிக்கிறார். பழத்தைக் கீழே விழவிடக் கூடாது, அடிபட்ட இடத்தில் தோல் கல்லாக இறுகிவிடும். அதனால் நீளக் கழியில் வலைப்பை கட்டி, ஒவ்வொன்றாகத் திருகி எடுக்கிறார்கள். ஒரு அண்ணன் பழத்தைக் கவிழ்த்து அடியில் இருக்கும் பூ மாதிரி வடுவைக் காட்டினார். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. உடைத்தும் காட்டினார். ஆறுக்கு ஆறு.

யானை வழித்தடத்தில் இருக்கிற பண்ணை. இருட்டியதும் வேலை கிடையாது, நீங்களும் அங்கே நிற்கக் கூடாது. காலையில் போங்கள். மேட்டுப்பாளையத்தில் 7.10-க்குக் கிளம்பும் மலைரயில் கல்லாறில்தான் பல்சக்கரப் பாதையில் ஏறுகிறது. அந்த ஊதல் பண்ணைக்குள் கேட்கும்போது ஆட்கள் நேரம் சொல்லிக்கொள்கிறார்கள். அதை நான் பதிந்துவிட்டேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 22

கரும்பு இனப்பெருக்க நிலையத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டவருக்கு: அது இரண்டாவது படத்துக்கான பொருள். 1912-ல் கோவையில் அதை வைத்ததற்கே காரணம், கரும்பு இங்கே இயல்பாகப் பூக்கும் என்பதுதான். விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்பைக் காட்டுப் புல்லோடு சேர்த்து கோ 205 ரகத்தைக் கொண்டுவந்தது 1918. தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் வேலை செய்த இடம். பழைய ரகம் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பக் கரணை வெட்டி நட்டுத்தான் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அந்தக் கரணையை வெட்டுகிறவரைத் தேடிக்கொண்டு ஐப்பசியில், கரும்பு பூக்கிறபோது போகலாம். நான் வருகிறேன்.

ஜூன் 29

கேள்வி கேட்டவர் படத்தின் முதல் வெட்டு அனுப்பியிருந்தார், பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம் வருகிறது. மேலே இருந்து எடுத்த ஊட்டிக் காட்சிகளை (கடைசியில் யாரிடமோ வாங்கிச் சேர்த்துவிட்டார்) நீக்கினால் பத்தொன்பது. அதோடு விடுங்கள், பதினைந்துக்காக ஆத்தா திண்ணையில் உட்கார்ந்திருப்பதை வெட்டாதீர்கள். கொறங்காட்டுப் பகுதியில் மட்டும் காற்று மைக்கில் அடித்துப் பேச்சே கேட்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வர வர ஏறும், ஆடியில் நிற்கவே விடாது. மைக்குக்குப் போடும் கம்பளி உறை என்னிடம் இரண்டு இருக்கிறது. இந்த வாரத்துக்குள் வந்து வாங்கிக்கொண்டு போய் அந்த ஒரு பேச்சை மட்டும் விடியற்காலையில் திரும்ப எடுத்துவிடுங்கள்.